சிலேடையும் சண்டையும்: பல வருடம் பயன்படுத்திப் பார்த்ததில்

செல்போன், மிக்ஸி எல்லாம் வாங்கிக் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு நிறைகுறை எழுதுகிறோம். ஒரு பழக்கத்துக்கும் அப்படி எழுதலாமே என்றுதான் இது. பழக்கம், சிலேடை. பயன்படுத்தும் இடம், முகம் பார்த்துப் பழகாதவர்களோடு வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் அரசியல், கல்வி, மத விவாதங்கள். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் 'சார்'. கணக்கு டீச்சர் ஒருவர், 'அக்கா'. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், 'அண்ணை'. இடதுசாரிகள் இருவர், இருவருமே 'தோழர்'. அப்புறம் தேர்தல் வந்தால் மட்டும் கண் விழிக்கிற பத்துப் பதினைந்து பேர். ஒருவர் வீடு இன்னொருவருக்குத் தெரியாது. சிலருடைய குரலைக்கூட நான் கேட்டதில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலேடை விவாதத்தை ஜெயித்துக் கொடுக்காது. ஆனால் எதிரே இருப்பவர் நாம் எழுதியதைப் படித்தாரா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை. ஒருவருடைய சொல்லை எடுத்து வேறு பொருளில் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால், அந்தச் சொல்லையும் அது நின்ற இடத்தையும் பார்த்தே ஆகவேண்டும். ஃபார்வர்டு அனுப்புகிறவருக்கு அந்த வேலை இல்லை. அவர் யாருக்கும் பதில் சொல்வதில்லை. எங்கோ யாரோ யாருக்கோ சொன்ன பதிலைக் கொண்டுவந்து கொட்டுகிறார். பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020ல் கட்டுப்பாடு வந்தது. இரட்டை அம்புக்குறியும் கூடவே தெரியும். அந்த அம்புக்குறியோடு வந்த செய்திக்கு எங்கள் குழுவில் யாரும் சிலேடை போடுவதில்லை. போட்டு யாருக்கு?

இலக்கணத்தில் இதற்கு இரண்டு பிரிவு. சொல் பிரியாமல் நின்றே பல பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை. வேறு வேறாகப் பிரிந்து பொருள் தந்தால் பிரிமொழிச் சிலேடை. தண்டியலங்காரம் சொல்கிற பிரிவு இது. காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் சேர்த்து 'ஆடிக் குடத்தடையும்' என்று பாடியது முதல் வகை. பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் போகும். எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்துக்குள் போகும். நம்மவர்கள் குழுவில் போடுவதெல்லாம் அவ்வளவு தூரம் வராது. ஆனாலும் எந்த வகை எங்கே எடுபடும் என்பதில் வித்தியாசம் உண்டு.

செம்மொழிதான் எழுத்தில் நன்றாக எடுபடுகிறது. மத்திய பட்ஜெட் அன்று ஆளாளுக்கு நிபுணராகிக்கொண்டிருந்தபோது சார் எழுதினார்: "நிதிநிலை அறிக்கையில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு வரி. அதையும் நான்தான் கட்டவேண்டும்." ஆளும் தரப்பு ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள். பிரிமொழிக்கு எழுத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இடைவெளி விட்டு எழுதினால் வேடிக்கை முன்கூட்டியே வெளியில் வந்துவிடும். சேர்த்து எழுதினால் பாதிப்பேர் கவனிக்காமல் தாண்டிப்போய்விடுவார்கள். ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் வழக்கம் இல்லை, புள்ளியும் பெரும்பாலும் வைப்பதில்லை. எங்கே பிரிப்பது என்று தேடுவதே வாசிப்பாக இருந்த காலம் அது. இப்போது விரல் பட்டதும் செயலியே இடைவெளி போட்டுவிடுகிறது.

இதற்கு நேர்மாறாக, பிழையிலிருந்து தானாக விழுகிற சிலேடையும் உண்டு. புது உறுப்பினர் ஒருவர் ஆவேசமாக, "இளைஞர்களுக்கு வேலைக் கொடுங்கள்!" என்று எழுதினார். 'வேலை கொடுங்கள்' என்றால் உத்தியோகம். நடுவே 'க்' வந்தால் வேல் என்னும் ஆயுதத்தைக் கொடு என்று ஆகிவிடும். ஒரு தோழர் விடுவாரா? "வேலைக் கொடுத்தால் அடுத்து சூரசம்ஹாரம்தான். சூரன் யார் என்பதில்தான் நமக்குள் கருத்து வேறுபாடு" என்றார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, ஆத்திகர், நாத்திகர் எல்லாரையும் ஒரே வாக்கியத்தில் உட்காரவைத்த பதில் அது. புது உறுப்பினர் பதறிப்போய் அந்த 'க்'கை எடுத்துவிட்டார். அனுப்பியதை 15 நிமிடத்துக்குள் திருத்துகிற வசதி 2023ல் வந்ததே, அதன் உபயம். இப்போது மேலே 'வேலை கொடுங்கள்' என்று ஒழுங்காக இருக்கிறது, பக்கத்தில் திருத்தியதற்கான சிறு குறிப்பு. கீழே தோழரின் சூரசம்ஹாரம் காரணமில்லாமல் தொங்குகிறது. மாலையில் வந்தவர்கள் தோழருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். சொல் விளையாட்டில் ஆர்வம் உள்ளவர்களுக்கு என் யோசனை: பிழையின் மேல் சிலேடை போடும்போது அந்த வாக்கியத்தை மேற்கோளாகப் பிடித்துக்கொள்வதோடு நிற்காமல், சொல்லை உங்கள் பதிலிலும் ஒருமுறை அப்படியே எழுதிவிடுங்கள்.

அரசியலில் சிலேடை தாராளமாக ஓடும். அரசியல் மொழியே இரட்டை நாக்கு மொழி என்பதால், பாதி வேலையை அவர்களே செய்து வைத்திருப்பார்கள். "அவர்கள் வாக்குக் கொடுத்தார்கள், நாம் வாக்குக் கொடுத்தோம். நம்முடையது மட்டும் செல்லுபடியாயிற்று." இது அக்கா எழுதியது; தேர்தல் முடிந்து ஒரு வருடம் கழித்து. கட்சி மாறியவர் ஒருவரைப் பற்றி நடந்த சண்டையில் சார் சொன்னது: "கொடிதானே, பக்கத்தில் எந்தப் பந்தல் இருக்கிறதோ அதில் படரும்." இந்த வாக்கியங்கள் யார் பக்கமும் சாய்வதில்லை என்பதைக் கவனியுங்கள். எந்தக் கட்சிக்காரரும் அடுத்த கட்சியை நினைத்துக்கொண்டு சிரிக்கலாம். அதுதான் இதன் பலம். பலவீனமும் அதுதான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

தேய்ந்துபோன சரக்கும் நிறைய. 'மாற்றம்' என்று யாராவது எழுதினால் இரண்டாவது நிமிடத்தில் 'ஏமாற்றம்' என்று ஒருவர் வருவார். மதம் பற்றிப் பேச்சு வந்தால் யானை வரும். ஒவ்வொரு முறையும் தானே கண்டுபிடித்த மாதிரி ஒரு சிரிப்பு முகத்தையும் கூடவே வைப்பார்கள். இதைத் தடுக்க வழி கிடையாது. எல்லாரும் ஒருநாள் முதல்முறையாகத்தானே எதையும் கண்டுபிடிக்கிறார்கள்.

ஆனால் தலைவர்கள் பெயரையும் கட்சிப் பெயரையும் திரித்து எழுதுவது வேறு கதை. ஓரெழுத்தை மாற்றி வசவாக்குவது, சாதியையோ உடலையோ ஞாபகப்படுத்தும்படி முறுக்குவது. இதற்குச் சிலேடை என்று பெயர் வைக்காதீர்கள். சிலேடையில் இரண்டு பொருளும் நிற்கவேண்டும்; இதில் ஒன்றுதான் நிற்கிறது, அது வசவு. பெயரைத் திரித்த செய்தியை அட்மின் நீக்கிவிடுவார் என்பது எங்கள் குழுவின் ஒரே எழுதப்பட்ட விதி. மற்ற எல்லாம் பழக்கத்தில் வந்தவை. அந்த ஒரு விதியால் குழுவில் சத்தம் பாதியாகக் குறைந்தது என்றே சொல்வேன்.

கல்வி பற்றிய விவாதங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. காரணம், அரசியலில் எல்லாருக்கும் கருத்து இருக்கிறது, கல்வியில் எல்லாருக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. சொந்த வீட்டுக் கணக்கை வைத்துப் பேசுவார்கள். நீட் பேச்சு எடுத்தால் இரண்டு நாள் போகும். தோழர்கள் 1976ல் வந்த அரசியலமைப்பின் 42வது திருத்தத்தில் ஆரம்பிப்பார்கள். கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது அதில்தான். சார், அதற்கு முன்னால் மட்டும் எல்லாருக்கும் இடம் கிடைத்ததா என்பார். அக்கா 2007–08 சேர்க்கையிலிருந்து தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வே இல்லாமல் இருந்ததையும், 2017ல் மருத்துவத்துக்கு நீட் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் படித்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்பார். "தேர்வு இருக்கிறது, நமக்குத்தான் தேர்வே இல்லை" என்று ஒரு தம்பி போட்டது அப்படி ஒரு இரவில்தான். அதற்கு யாழ்ப்பாணத்து அண்ணை, "எங்கட பக்கம் இதைச் சோதனை எண்டுதான் சொல்லுறது. பேர் பொருத்தம்தானே?" என்றார்.

அண்ணை பகிடியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவந்த தரப்படுத்தலைப் பற்றி நீளமாக எழுதினார். ஒரே துறையில் இடம் கிடைக்கத் தமிழில் எழுதியவர்கள் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டியிருந்தது, அது ஒரு தலைமுறை இளைஞர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்றெல்லாம். மதிப்பெண்ணைச் சமப்படுத்துவதும் இடத்தைப் பங்கிடுவதும் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி, தேர்வின் பெயர் இல்லை என்றார். நீட்டை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அன்று அவரவர் பக்கத்துக்கு அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் முழுசாகப் படித்தது எனக்கு ஆச்சரியம். அந்தச் 'சோதனை' பகிடி முன்னால் வராமல் இருந்திருந்தால் அவ்வளவு நீளத்தை யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

இந்தப் பல வருடத்தில் நான் பார்த்ததிலேயே நல்ல சிலேடை எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் 2020ல் வந்தபோது சார் எழுதியது: "ஏழரையால் ஒரு பிள்ளை டாக்டராவது தமிழ்நாட்டு வரலாற்றில் இதுதான் முதல் தடவை." ஏழரைச் சனியைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சார் ஜாதகம் பார்க்கிறவர், தோழர்கள் பார்க்காதவர்கள். ஒதுக்கீட்டில் சாருக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது, தோழர்களுக்கு அது போதாது என்ற கோபம். இந்த ஒரு வரிக்குப் பிறகு அன்று எல்லாரும் நிதானமாகவே பேசினார்கள். சார் தன் நம்பிக்கையைத் தானே கேலி செய்துகொண்டு உள்ளே வந்ததுதான் விஷயம் என்று பிறகு ஒரு தோழர் எனக்குத் தனியாக எழுதினார்.

மொழிக் கொள்கை விவாதம் எங்களுக்கு ஒரு நிரந்தரச் சொத்தைக் கொடுத்தது. 1968 ஜனவரி 23ல் சட்டமன்றத்தில் நிறைவேறிய இருமொழித் தீர்மானத்துக்கும் 2020 தேசியக் கல்விக் கொள்கையின் மும்மொழிக்கும் இடையே வழக்கமான இழுபறி. அன்று ஒருவர் மற்றவர் முடிப்பதற்குள் மூன்று பதில் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா எழுதினார்: "இருமொழி என்றால் 'இரு, மொழி'. பொறு, அப்புறம் பேசு." அன்றிலிருந்து யாராவது சூடானால் 'இரு, மொழி' என்று ஒருவர் போடுவார். மும்மொழிக் கொள்கைக்காரர்களே இதை அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

இப்போது அந்தப் பலவீனத்துக்கு வருகிறேன். யார் பக்கமும் சாயாத வாக்கியம் எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. ஓராசிரியர் பள்ளிகளைப் பற்றி அக்கா ஒருமுறை மிகத் தெளிவாகக் கேட்டிருந்தார். ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு எப்படிப் பாடம் எடுப்பார், பிள்ளைகள் குறைவாக இருக்கிற பள்ளியை இணைப்பது சரியா, இணைத்தால் ஆறு வயதுக் குழந்தை எப்படிப் போய்வரும் என்று. ஒரு தம்பி, "பலகை இருக்கிறது அக்கா, எழுத ஒரு கைதான் இல்லை" என்றார். அழகான பிரிமொழி. இதயம், கைதட்டல் எல்லாம் வந்து குவிந்தது. கேள்வி அப்படியே கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா எழுதினார்: "சிரித்தாயிற்று. பதில்?"

அந்த இரண்டு சொல்லும் இப்போது குழுவில் சட்டம் மாதிரி. சிலேடை போட்டவரிடம் 'சிரித்தாயிற்று, பதில்?' என்று யாரும் கேட்கலாம். கேட்டால் அவர் விஷயத்துக்கு வரவேண்டும், அல்லது தெரியவில்லை என்று சொல்லவேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத குழுவில் சிலேடையைப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கெட்டிக்காரர்கள் எல்லாக் கேள்விகளிலிருந்தும் நழுவிவிடுவார்கள், கேட்டவர் நகைச்சுவை தெரியாத ஆள் என்று பெயர் வாங்கிக்கொண்டு போவார்.

மதத்தில் சிலேடை வேலை செய்யவே இல்லை என்று சொல்லமுடியாது, ஆனால் பெட்டியில் எச்சரிக்கை ஒட்டித்தான் விற்கவேண்டும். சார் ஒருமுறை கோயில் நிர்வாகம் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். தேர்தல் நேரம். ஒருவர் குறுக்கே வந்து, "நீங்கள் சமயம் பார்த்துப் பேசுகிறவர்தானே சார்" என்றார். சந்தர்ப்பம் பார்த்துப் பேசுகிறீர்கள் என்று ஒரு பொருள். எதிரில் இருப்பவர் எந்த மதம் என்று பார்த்துப் பேசுகிறீர்கள் என்று இன்னொன்று. சார் முதலாவதை மறுத்தால் இரண்டாவதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். இரண்டாவதைக் கேட்டால், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே சார்" என்று அவர் ஒதுங்கிக்கொள்ளலாம். அப்படித்தான் ஒதுங்கினார். சார் ஒன்றும் எழுதவில்லை, வெகுநாள் எதுவுமே எழுதவில்லை. அரசியலில் மறுத்துவிடக்கூடிய பேச்சு எல்லாரும் ஆடுகிற ஆட்டம்தான். மதத்தில் அது உறையில் இருக்கிற கத்தி.

அந்த விவாதத்தில் விஷயமே இல்லாமல் இல்லை. பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கிய தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் 1970ல் வந்தது. 1972ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது, கூடவே நியமனத்தில் ஆகம விதியை மீறக்கூடாது என்றும் சொன்னது. இரண்டு தரப்பும் அந்தத் தீர்ப்பில் தனக்கு வேண்டிய பாதியை மட்டும்தான் எப்போதும் காட்டுகிறது. சார் மறுபாதியையும் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தார். அதற்குள் அந்த 'சமயம்' வந்துவிட்டது. நல்ல பேச்சு ஒன்று போயிற்று என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மதத்தில் ஒரே ஒரு வகைதான் பக்கவிளைவு இல்லாமல் வேலை செய்தது: அவரவர் தம்மை வைத்துச் சொல்லிக்கொள்வது. வைணவர் ஒருவர், சீட்டு நிறுவனத்தில் பணம் போய்விட்டதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "எனக்கு நாமம் போட வெளியாள் தேவையில்லை, தினமும் காலையில் நானே போட்டுக்கொள்கிறேன்" என்றார். சபைக்குப் போகிற தம்பி ஒருவர், "ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள், நாங்கள் எல்லாரும் பாவம்" என்றார். இதையே இன்னொரு மதத்துக்காரர் சொல்லியிருந்தால் அட்மின் தூக்கம் கெட்டிருக்கும். மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதற்கான பழைய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 299 ஆக இருக்கிறது. எண் மாறினாலும் அட்மின்களின் பயம் மாறவில்லை.

இந்தப் பழக்கத்துக்குப் பழகுகிறவர்கள் விளிச்சொற்களையும் கவனிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். முகம் தெரியாத இடத்தில் குரல் ஏறுவதை அதுதான் முதலில் காட்டும். இதுவரை 'சார்' என்றவர் திடீரென்று 'நண்பரே' என்று ஆரம்பித்தால் சண்டை தொடங்கிவிட்டது என்று பொருள். 'அன்பு நண்பரே' என்றால் முற்றிவிட்டது. வயது தெரியாத ஒருவரை விவாதத்தின் நடுவே 'தம்பி' என்று கூப்பிடுவது அறைவதற்குச் சமம். எங்கள் குழுவில் அப்படிக் கூப்பிட்டவரைவிட 'தம்பி' ஆறு வயது மூத்தவர் என்று பின்னால் தெரிந்தது தனி வேடிக்கை. நண்பரே நிலைக்கு வந்தபிறகு சிலேடை போடாதீர்கள். அந்தக் கட்டத்தில் எதைச் சொன்னாலும் கேலியாகத்தான் படும்.

குரல் செய்தியில் சிலேடை எனக்கு ஒத்துவரவில்லை. பிரிமொழிக்கு வசதிதான், இடைவெளியை நாக்கே மறைத்துக்கொள்ளும். ஆனால் பாதிப்பேர் அதை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கிறார்கள். அந்த வேகத்தில் காளமேகமே வந்து பாடினாலும் எள்ளும் தெரியாது, பாம்பும் தெரியாது.

யாருக்கு ஏற்றது? தமிழை ஒற்றுப் பார்த்துப் படிக்கிறவர்களுக்கு. இருபது முப்பது பேருக்குள் இருக்கிற குழுக்களுக்கு. நூறைத் தாண்டினால் யார் எதைப் படித்தார்கள் என்பது தெரியாமல் போய், இதன் முக்கியப் பயனே அடிபட்டுவிடும். வெவ்வேறு நாட்டுத் தமிழர் கலந்திருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அண்ணை 'கதைப்போம்' என்றதும் 'கதை விடாதீர்கள்' என்கிற சோம்பேறித்தனம் வேண்டாம். அவர் அதைப் பலமுறை கேட்டு அலுத்துவிட்டார். குடும்பக் குழுவில் பயன்படுத்த வேண்டாம். அங்கே எல்லாருக்கும் எல்லாருடைய பழைய கணக்கும் தெரியும், இரண்டு பொருளில் சொன்னால் மூன்றாவதைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

சார் திரும்ப எழுத ஆரம்பித்துவிட்டார். கோயில் பற்றி இல்லை, ஓய்வூதியம் பற்றி. போன வாரம் தோழர் அதற்கு ஒரு சிலேடை போட்டார், சார் உடனே 'சிரித்தாயிற்று, பதில்?' என்றார். தோழர் இன்னும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்; நீளமாக வரும் போலிருக்கிறது.